நாளும் ஒரு பக்கம்

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டிச் சங்கத்தின் மடல் வந்த பின்னரே எழுதுகோலைத் தேடுவோர் நம்மிடையே பலர். எழுத்தாளராகும் ஆசை இருக்கிறது. அலுவலால் நேரமில்லை, பிறமொழிச் சூழலில் தமிழும் தேய்ந்துவிட்டது என்பது அவர்தம் முறையீடு. இவ்விரண்டுக்கும் விடையாக நிற்கும் நூல் ஒன்று நம்மிடம் உண்டு. அது புதுவை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு.

பெரம்பூரில் 1709இல் பிறந்து, புதுவையில் குடியேறி, பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாஷியாக உயர்ந்தவர் அவர். ஆளுநர் துய்ப்ளே மாளிகையிலும் பண்டகசாலையிலும் பிறமொழியாளரோடு பழகுவதே அவர் தொழில். எனினும் 1736 முதல் 1761இல் மறையும் வரை, கால் நூற்றாண்டுக் காலம், தாம் கண்டவற்றையும் கேட்டவற்றையும் தமிழிலேயே பதிந்து வந்தார். அலுவல் ஓயட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. அலுவலையே எழுத்துக்குப் பொருளாக்கிக் கொண்டார். கப்பல்களின் வரவு, வாணிகப் பேரம், வழக்குகள், 1748இல் ஆங்கிலேயர் புதுவையை முற்றுகையிட்ட நாட்கள் ஆகிய யாவும் அதில் இடம்பெற்றன.

அவரது நடை புலவர் நடை அன்று. பேச்சு வழக்கும் பல மொழிச் சொற்களும் கலந்து ஓடும் நடை அது. தூய நடை கைவந்த பின்னரே எழுதுவேன் என்று அவர் இருந்திருப்பின், பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடைக்கு இத்துணைப் பெரிய சான்று நமக்கு வாய்த்திராது. நம் வீடுகளிலும் இந்தியும் மராத்தியும் வங்கமும் தமிழோடு கலந்தே ஒலிக்கின்றன. அதற்கு நாணி எழுதாதிருப்பதே மொழிக்குக் கேடு.

ஆயினும் நாள்தோறும் எழுதுதல் ஒன்றே இலக்கியம் ஆகிவிடாது என்பதையும் இந்நூலே காட்டுகிறது. மரியாதைக் குண்டுகளின் எண்ணிக்கையும் தற்புகழ்ச்சியும் பல இடங்களில் நம்மைச் சோர்வுறச் செய்கின்றன. சேர்க்கும் கை இருக்கிறது. கழிக்கும் கண் இல்லை. தமக்கென எழுதி வைத்த குறிப்பில் அதனை எதிர்பார்ப்பதும் முறையன்று. ஆனால் வாசகரை நாடி எழுதுவோர்க்கு அக்கண் இன்றியமையாதது.

அதற்குச் சான்று டாக்டர் உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 85ஆம் வயதை எட்டும் நிலையில், 1940இல், ‘ஆனந்த விகடன்’ வார இதழில் அவர் அதனைத் தொடங்கினார். 1942இல் அவர் மறைந்தமையால் நூல் முற்றுப்பெறாமல் நின்றது. நீண்ட வாழ்விலிருந்து ஒரு கிழமைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, பிறவற்றை விடுத்துச் சொல்லும் அளவறிவு அதில் விளங்குகிறது. குறித்த நாளில் இதழுக்குத் தரவேண்டிய கடமை அவர் நடையை நெகிழ்த்தவில்லை.

ஆகவே எழுத விழைவோர் இவ்விருவரையும் ஒருங்கே கொள்ளுதல் நன்று. நாளும் ஒரு பக்கம் எழுதுக; அன்று ரயிலில் கேட்ட உரையாடலோ, அங்காடியில் கண்ட முகமோ போதும். திங்களுக்கு ஒருமுறை அவற்றைப் படித்து, முப்பதில் மூன்றை மட்டும் திருத்தி எழுதுக. ஒருநாள் தவறினால் மறுநாள் தொடர்க. பிள்ளையவர்களின் குறிப்பிலும் இடைவெளிகள் உண்டு.

இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகளுட் பலர்க்குத் தமிழ் செவிவழி மொழியாகவே நின்றுவிடுகிறது. தந்தையோ தாயோ நாள்தோறும் அமர்ந்து தமிழில் எழுதுவதைக் காணும் குழந்தைக்கு, அது எழுதவும் உரிய மொழி என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.