ஐந்து சென்டிமீட்டர் எங்கிருந்து வந்தது? மெலனோமா அறுவையில் ஒரு பழைய எண்

பழைய மென்பொருளைப் பராமரிக்கிறவர்களுக்கு இது பழக்கமான காட்சி. கோடுக்கு நடுவில் 5 என்று ஒரு எண் உட்கார்ந்திருக்கும். ஏன் 5, ஏன் 4 இல்லை, யாருக்கும் தெரியாது. எழுதினவர் எப்பவோ வேலையை விட்டுப் போய்விட்டார். தொடவும் பயம். "இதுவரைக்கும் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு, விடுங்க."

மருத்துவத்திலும் அப்படி ஒரு 5 இருந்தது. மெலனோமா என்கிற தோல் புற்றுநோயை வெட்டியெடுக்கும்போது, கட்டியைச் சுற்றி நாலாபக்கமும் 5 சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்பது இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதிக்கு எழுதப்படாத சட்டம். இந்த எண்ணின் பின்னாடியே போனால் ஒரு உரையில் போய் நிற்கிறோம். இந்தப் பதிவு அந்த உரையைப் பற்றியும், அதை வாசித்தவர்கள் அதை என்ன செய்தார்கள் என்பதைப் பற்றியும்.

முதலில் சின்னதாக ஒரு கணக்கு. 1 செ.மீ. அகலமுள்ள ஒரு மச்சம். சுற்றிலும் 5 செ.மீ. எடுத்தால் 11 செ.மீ. அகல வட்டம், பரப்பு சுமார் 95 சதுர செ.மீ. சுற்றிலும் 1 செ.மீ. மட்டும் எடுத்தால் 3 செ.மீ. வட்டம், சுமார் 7 சதுர செ.மீ. பதின்மூன்று மடங்கு வித்தியாசம். சின்னதை இழுத்துத் தைத்துவிடலாம். பெரியதைத் தைக்க முடியாது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டும். இரண்டு புண், அதிக நாள் ஆஸ்பத்திரி, வாழ்நாள் முழுக்க ஒரு பள்ளம். அதாவது இந்த எண்ணுக்கு ஒரு விலை உண்டு. அதை நோயாளிதான் கட்டினார்.

ஹேண்ட்லியின் உரை

வில்லியம் சாம்ப்சன் ஹேண்ட்லி லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர். 1907இல் ஹண்டேரியன் சொற்பொழிவுகளில் கருநிறக் கட்டிகளைப் பற்றிப் பேசினார். அது லான்செட்டில் வெளிவந்தது. அதற்குக் கொஞ்சம் முன்புதான் மார்பகப் புற்றுநோய் பற்றி ஒரு கொள்கையை நிறுவியிருந்தார்: புற்றுநோய், நிணநீர்க் குழாய்கள் வழியாக மையத்திலிருந்து வெளிப்பக்கமாக, வேர் படர்வதுபோலத் தொடர்ச்சியாகப் பரவுகிறது. அதே கொள்கையை இங்கேயும் கொண்டுவந்தார்.

ஆதாரம்? மெலனோமா உடலெங்கும் பரவி இறந்துபோன ஒரே ஒரு நோயாளியின் பிரேதப் பரிசோதனை. ஒன்றே ஒன்று.

அதை வைத்து அவர் சொன்ன அறுவை முறை: கட்டியின் ஓரத்திலிருந்து ஏறக்குறைய ஓர் அங்குலம், அதாவது 2.5 செ.மீ. தள்ளித் தோலை வெட்ட வேண்டும். அதற்குப் பிறகு தோலுக்கு அடியில் இன்னும் இரண்டு அங்குலம் அகலத்துக்குப் போய், ஆழத்திலுள்ள கொழுப்பையும் தசையுறையையும் எடுக்க வேண்டும். பக்கத்து நிணநீர் முடிச்சுகளையும் நீக்க வேண்டும்.

கவனித்தீர்களா? தோலில் அவர் சொன்னது 2.5 செ.மீ. தான். 5 செ.மீ. என்பது பின்னால் வந்தவர்களின் எண். தோலுக்கு அடியில் சொன்ன இரண்டு அங்குலம்தான் வாய்வழியாகவும் பாடநூல்வழியாகவும் நடந்துவந்து தோலின் மேல் ஏறிக்கொண்டது என்பது என் ஊகம். பயத்தில் எண்கள் எப்போதும் மேல்நோக்கித்தான் உருளும்.

ஹேண்ட்லியைத் திட்டுவது சுலபம், ஆனால் நியாயமில்லை. சீரற்ற சோதனை என்ற கருவியே அப்போது கிடையாது. நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு, கண்ணால் கண்டதிலிருந்து அறுவை முறையைப் பெற வேண்டும் என்று நினைத்தவர் அவர். கைப்பழக்கத்தை மட்டும் நம்பியவர்களைவிட அது ஒரு படி மேல். என் விமர்சனம் வேறு இரண்டு இடங்களில்.

ஒன்று, அவர் பார்த்தது நோயின் கடைசிப் பக்கம். எழுதினதோ முதல் பக்கத்துக்கான வைத்தியம். உடல் முழுக்கப் பரவிய பிறகு தெரிகிற படத்தை வைத்து, பரவாத நிலையில் அது எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. எரிந்து முடிந்த வீட்டைப் பார்த்துவிட்டு, ஊதுவத்திக்குப் பத்தடி தள்ளி நில் என்று சொல்கிற மாதிரி.

இரண்டு, கொள்கை முன்னாடியே கையில் இருந்தது. மார்பகத்துக்குச் செய்த சாவியை இந்தப் பூட்டிலும் போட்டுத் திருப்பினார். திரும்பியதுபோல் இருந்தது.

அவருடைய பங்கு அவ்வளவுதான். மிச்சப் பிழை எல்லாம் அதை எழுபது ஆண்டுகள் சோதிக்காமல் வைத்திருந்தவர்களுடையது.

அகலம் இல்லை, ஆழம்

திருப்பம் அறுவை மேசையில் வரவில்லை. நோய்க்குறியியல் ஆய்வகத்தில் வந்தது. 1969இல் வாலஸ் கிளார்க், கட்டி தோலின் எந்த அடுக்குவரை இறங்கியிருக்கிறது என்று ஐந்து நிலைகளாகப் பிரித்தார். 1970இல் வாஷிங்டனில் அலெக்சாண்டர் பிரெஸ்லோ இன்னும் எளிமையாக ஒன்றைச் செய்தார். நுண்ணோக்கியின் கண்ணாடியில் ஒரு அளவுகோலைப் பொருத்தி, தோலின் மேலடுக்கிலிருந்து கட்டியின் ஆழமான செல் வரைக்கும் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்தார். 98 நோயாளிகள். 0.76 மி.மீ.க்குக் குறைவான தடிமன் உள்ளவர்களில் யாருக்கும் நோய் திரும்பவும் இல்லை, பரவவும் இல்லை.

98 பேர் பெரிய எண்ணிக்கை இல்லைதான். ஆனால் ஹேண்ட்லியின் கொள்கையில் இல்லாத ஒன்று இதில் இருந்தது: வேறொருவர் வேறொரு ஊரில் அளந்து சரிபார்க்க முடியும். எந்த அடுக்கு என்று கேட்டால் இரண்டு நிபுணர்கள் சண்டை போடுவார்கள். எத்தனை மில்லிமீட்டர் என்றால் ஏறக்குறைய ஒரே பதில் வரும். இன்றைக்கும் மெலனோமா அறிக்கையில் முதலில் தேட வேண்டிய எண் இந்தப் பிரெஸ்லோ தடிமன்தான். கிளார்க் நிலைகள் இன்றைய நிலைப்படுத்தலில் இடமிழந்துவிட்டன.

ஏன் ஆழம் முக்கியம்? மெலனோமா ஆளைக் கொல்வது தோலில் இருந்துகொண்டு அல்ல. நுரையீரல், ஈரல், மூளை என்று போய்த்தான். ஆழத்தில்தான் ரத்தக் குழாயும் நிணநீர்க் குழாயும் இருக்கின்றன. ஏற்கெனவே வண்டி ஏறிப்போன செல்லை, ஸ்டேஷனைச் சுற்றி இன்னும் நாலு தெருவை இடித்துப் பிடிக்க முடியாது. அகல வெட்டு, அக்கம்பக்கத்தில் தங்கிப்போனதைத்தான் எடுக்கும்.

இதனால்தான் முதல் பயாப்ஸி எப்படி எடுக்கப்படுகிறது என்பது இவ்வளவு முக்கியம். சந்தேக மச்சத்தை முடிந்தவரை முழுசாக, 1 முதல் 3 மி.மீ. ஓரத்தோடு, முழு ஆழத்துக்கும் எடுப்பதுதான் பொதுவான பரிந்துரை. மேலோட்டமாகச் சீவி, அடிப்பக்கம் வெட்டுப்பட்டுப் போனால், தடிமன் "குறைந்தது இவ்வளவு" என்று மட்டும்தான் தெரியும். அந்த எண்ணை வைத்துத்தான் அடுத்த அறுவையின் அகலமும், நிணநீர் முடிச்சைப் பார்க்க வேண்டுமா என்பதும் முடிவாகிறது. இன்புட் தப்பானால் அவுட்புட்டும் தப்பு.

கடைசியில் சோதித்தார்கள்

உம்பெர்ட்டோ வெரோனேசி, மிலான். மார்பகத்தை முழுசாக எடுக்காமல் ஒரு பகுதியை மட்டும் எடுத்தால் போதும் என்று 1981இல் சோதனை நடத்திக் காட்டியவர். மெலனோமாவுக்கும் அதையே செய்தார். உலக சுகாதார நிறுவன மெலனோமா குழுவின் சோதனை: 2 மி.மீ. வரை தடிமன் உள்ள 612 பேர். ஒரு பாதிக்கு 1 செ.மீ. ஓரம், மறுபாதிக்கு 3 செ.மீ. அல்லது அதற்கு மேல். 1988இல் முடிவு வந்தது: உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை.

இங்கேயே நிறுத்தினால் கதை அழகாக இருக்கும். ஆனால் அப்படி நிறுத்துவது ஹேண்ட்லி விட்ட பிழையின் மறுபக்கம். அதே சோதனையில் மூன்று பேருக்கு அதே இடத்தில் நோய் திரும்பியது. மூவருமே 1 செ.மீ. குழு, மூவருக்கும் தடிமன் 1 மி.மீ. அல்லது அதற்கு மேல். பிரிட்டனில் 2 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட தடிமன் உள்ள 900 பேரிடம் 1 செ.மீ.க்கும் 3 செ.மீ.க்கும் ஒப்பீடு நடந்தது. 2004இல் வந்த முடிவில், 1 செ.மீ. குழுவில் அக்கம்பக்கத்தில் நோய் திரும்புவது அதிகம். 2016இல் வந்த நீண்டகால முடிவில், மெலனோமாவால் இறப்பதும் அந்தக் குழுவில் கூடுதல். இன்னொரு பக்கம், ஸ்வீடனை மையமாகக் கொண்டு 936 பேரிடம் 2 செ.மீ.யும் 4 செ.மீ.யும் ஒப்பிட்டார்கள். 2011 முடிவு: வித்தியாசமில்லை.

மூன்றையும் சேர்த்துப் படித்தால் இன்றைய நடைமுறை புரியும்: 1 மி.மீ. வரை தடிமனுக்கு 1 செ.மீ., 1 முதல் 2 மி.மீ.க்கு 1 முதல் 2 செ.மீ., அதற்கு மேல் 2 செ.மீ. "குறைவே நல்லது" என்பது பாடமில்லை. ஒவ்வொரு தடிமனுக்கும் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தார்கள் என்பதுதான் பாடம்.

நிணநீர் முடிச்சின் கதையும் இதே தடத்தில்தான். தேவை தெரியாமலே அக்குள், தொடையிடுக்கு முடிச்சுகளை மொத்தமாக எடுத்த காலம் இருந்தது. 1992இல் டொனால்டு மார்ட்டன் குழு, நீலச் சாயம் செலுத்தி, கட்டியிலிருந்து வடிகிற முதல் முடிச்சை மட்டும் கண்டுபிடித்துப் பார்க்கும் முறையை வெளியிட்டது. அதில் புற்று இருந்தால் மிச்சத்தையும் எடுப்பது வழக்கமாயிற்று. 2017இல் அந்த வழக்கமும் சோதனைக்கு வந்தது. மூன்று ஆண்டு முடிவில் மெலனோமாவால் இறக்காமல் இருந்தவர்கள் இரு குழுவிலும் 86 சதவீதம். ஆனால் கை கால் வீக்கம் மொத்தமாக எடுத்தவர்களில் 24.1 சதவீதம், எடுக்காமல் ஸ்கேனில் கவனித்து வந்தவர்களில் 6.3 சதவீதம். மொத்தமாக எடுத்ததால் வட்டார அளவில் நோய் கட்டுக்குள் இருந்தது உண்மை; ஆயுள் கூடவில்லை.

இன்னும் மிச்சமிருக்கும் ஓர் எண்

கண்டறிதலிலும் இப்படி ஓர் எண் இருக்கிறது. 1985இல் நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவர்கள் கொடுத்த ஏ-பி-சி-டி விதி: சமச்சீரின்மை, ஒழுங்கற்ற ஓரம், பல நிறம், 6 மி.மீ.க்கு மேல் விட்டம். 2004இல் ஈ சேர்ந்தது: மாற்றம். நல்ல விதி, எத்தனையோ பேரை நேரத்தோடு மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறது. ஆனால் 6 மி.மீ. என்பது வாசல் மட்டுமே. அதற்குச் சின்ன மெலனோமாவும் உண்டு. முண்டு போல உருண்டையாக, ஒரே நிறத்தில், சமச்சீராக வேகமாக வளரும் வகை, முதல் நாலு எழுத்திலும் பாஸாகிவிடும். அதைப் பிடிப்பது கடைசி எழுத்துத்தான்.

விதி உருவானது வெள்ளைத்தோல் நோயாளிகளைப் பார்த்து. நம்மைப் போன்ற கருந்தோல்காரர்களுக்கு மெலனோமா அரிது. ஆனால் வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயில் படாத இடங்களில்தான் அதிகம். பாப் மார்லிக்கு 1977இல் கால்விரல் நகத்தடியில் கண்டது இதுதான். 1981இல் 36 வயதில் இறந்தார். நகத்தில் புதிதாக வந்து அகலமாகிற கறுப்புக் கோடு, பாதத்தில் ஆறாத புண், ரத்தக்கட்டு என்று நினைத்தது நகத்தோடு சேர்ந்து வளர்ந்து வெளியேறாமல் இருப்பது: இவற்றை "செருப்புக் கடி", "இடிச்சுக்கிட்டது" என்று தள்ளிப்போடாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இப்படி ஓர் அறிக்கை வந்தால், மருத்துவரிடம் மூன்று கேள்வி கேட்கலாம். தடிமன் எத்தனை மில்லிமீட்டர்? பயாப்ஸியின் அடிப்பக்கம் முழுசாகக் கிடைத்ததா? நீங்கள் சொல்லும் ஓரமும் முடிச்சுப் பரிசோதனையும் இந்தத் தடிமனுக்கானதுதானா? நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல முடிகிற நிலைக்கு மருத்துவம் வந்து சேரவே 1907இலிருந்து இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.