ரசிகர்கள் காத்த வானொலிக் கச்சேரிகள்

கர்நாடக இசைப் பாடகர் ஜி.என். பாலசுப்பிரமணியம் (ஜி.என்.பி.) 1965-இல் மறைந்தார். அவரை இசைத்தட்டில் மட்டும் கேட்டவர் முழு ஜி.என்.பி.யைக் கேட்டவர் ஆகமாட்டார். பழைய 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிடம்தான் பாட முடியும். ராகம் தானம் பல்லவி அதில் எப்படி அடங்கும்? அதை விரித்துப் பாட இடம் தந்தவை சபா மேடையும் வானொலியும்தான். இன்றைய இளம் பாடகர் ஒருவர் அவருடைய வேகமான பிருகாக்களைக் கேட்டுப் பழக முடிகிறதென்றால், அன்று ரேடியோவுக்குப் பக்கத்தில் ஸ்பூல் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்த ரசிகர்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. அந்த நாடாக்களை எம்பி3 ஆக்கி, காசு வாங்காமல் இணையத்தில் பகிர்ந்தவர்களுக்கும் உண்டு. விற்பனைக்கு வந்த பதிவுகளைத் தொடுவதில்லை என்ற கட்டுப்பாட்டோடு நடக்கும் சங்கீதப்பிரியா போன்ற தன்னார்வ முயற்சிகளை நான் திருட்டு என்று சொல்லமாட்டேன். நாடா விலை அதிகம் என்று ஒலிபரப்பு நிலையங்கள் பழைய பதிவின்மேலேயே புதியதைப் பதிந்த வழக்கம் பிபிசி உட்பட உலகெங்கும் இருந்தது. நிலையத்தில் அழிந்தது பல சமயம் வீட்டில்தான் பிழைத்திருக்கிறது.

ஆனால் பிழைத்து வந்த கோலத்தையும் பார்க்க வேண்டும். ஆலாபனை தார ஷட்ஜத்தைத் தொடும் நேரத்தில் கேசட்டின் ஒரு பக்கம் தீர்ந்துபோகிறது. மறுபக்கம் தொடங்கும்போது கீர்த்தனையின் நிரவலுக்கு வந்துவிடுகிறோம். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். நாடாவின் வேகம் சற்றுக் கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறுகிறது, காலப்பிரமாணமும் ஓடுகிறது. கீழ்ச் சுருதியும் சௌக்க காலமுமே பாடகர் எம்.டி. ராமநாதனின் அடையாளம், வேகம் தப்பிய கோப்பில் இரண்டுமே போய்விடும். அதைக் கேட்டுப் பாடம் செய்யும் மாணவர் அவர் பாடாத பாட்டைக் கற்கிறார்.

இதைவிட என்னை வருத்துவது அறிவிப்பை வெட்டி எறிவது. வயலின் யார், மிருதங்கம் யார், எந்த நிலையம் என்று அறிவிப்பாளர் சொல்லும் அந்த அரை நிமிடம்தான் பதிவின் பிறப்புச் சான்று. பாட்டு மட்டும் போதுமென்று அதை நீக்குகிறார்கள். பக்கவாத்தியக்காரரின் பெயர் அதோடு போகிறது. பிறகு யாரோ ஊகித்து ஓர் ஆண்டைப் போட, அது பத்து இடத்தில் பரவி வரலாறாகிவிடுகிறது. இலவசமாகக் கிடைத்த அதே கோப்பை யூடியூபில் ஏற்றி விளம்பரக் காசு பார்ப்பவர்களை எந்த நியாயத்தாலும் காக்க முடியாது. வாசித்தவரின் குடும்பத்துக்கு அதில் ஒரு ரூபாயும் போவதில்லை.

சட்டமும் நேர்வழி காட்டவில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிபரப்பு உரிமை 25 ஆண்டு, கலைஞரின் உரிமை 50 ஆண்டு, ஒலிப்பதிவின் உரிமை 60 ஆண்டு. தியாகராஜர் கீர்த்தனைக்கு உரிமைச் சிக்கல் இல்லை. 1973-இல் மறைந்த பாபநாசம் சிவனின் பாடல்களுக்கோ 2033 முடிய உரிமை இருக்கிறது. ஒரே கச்சேரிக்குள் இத்தனை கெடு. சொந்த உபயோகத்துக்கும் ஆய்வுக்கும் பதிவு செய்துகொள்ளலாம் என்கிறது சட்டம். ஊருக்கெல்லாம் பகிர்வது அந்தச் சலுகைக்குள் வராது.

இன்னொரு குறை அதிகம் பேசப்படுவதில்லை. ரசிகர் காப்பது அவர் நேசித்ததை மட்டும்தான். திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகளைக் கேட்டு ஆடுதுறை 27 ரகத்தைப் பயிரிட்ட தஞ்சை விவசாயிகள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்தார்கள். தமிழ் ஒலிபரப்பின் மகத்தான சாதனைகளில் அது ஒன்று. அந்தக் குரல்களுக்காக யார் ரெக்கார்டரை இயக்கியிருப்பார்கள்? கச்சேரிக்குக் கிடைத்த காவல் உழவர் நிகழ்ச்சிக்கும் நாடகத்துக்கும் உரைக்கும் கிடைக்கவில்லை.

ஆகவே இந்தப் பொறுப்பை ரசிகர் தலையில் விட்டுவிட முடியாது. ஒரு காலத்தில் தபால் நிலையத்தில் ஆண்டுதோறும் லைசென்ஸ் கட்டணம் கட்டித்தான் மக்கள் ரேடியோ கேட்டார்கள். அவர்கள் பணத்தில் உருவானதை அவர்களுக்குத் திறந்துவிடுவது சலுகை ஆகாது, கடன். அகில இந்திய வானொலியை நடத்தும் பிரசார் பாரதி குறுந்தகடுகளும் யூடியூப் பதிவுகளும் வெளியிடுகிறது, நல்லதுதான். ஆனால் எதை வெளியிடலாம் என்று அதுவே பொறுக்கித் தருவது போதாது. கையிருப்பின் பட்டியல் முழுவதையும் முதலில் பொதுவில் வைக்கட்டும். உரிமை தீர்ந்தவற்றை உடனே திறக்கட்டும், தீராதவற்றுக்குக் கலைஞர் குடும்பத்தோடு பேசிப் பங்கு தரட்டும். வீட்டு நாடாக்களையும் கேட்டு வாங்கிச் சேர்க்கட்டும்.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படியொரு கேசட் இருந்தால், அறிவிப்பை வெட்டாமல் கணினியில் ஏற்றுங்கள். உறையில் எழுதியிருப்பதையும் படமெடுத்துச் சேர்த்துவிடுங்கள்.