வழுக்கும் தரையும் வினாத்தாளும்

நோயாளர் தவறி விழுவதைத் தடுப்பது பற்றித் தாதியருக்கு என்ன தெரியும் என்று அளக்க வழக்கமான வழி ஒன்று உண்டு. வினாத்தாளைக் கொடுத்து, சரியான விடைகளைக் கூட்டி, 'அறிவு போதும்', 'போதாது' என்று பிரித்துவிடுவார்கள். தாதியியல் மாணவர்களின் ஆய்வுகளில் இது வாடிக்கை. இலங்கை மலையகத்தின் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ, 2017இல் இந்திய உதவியுடன் 150 கட்டில்களோடு திறக்கப்பட்ட டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையிலோ இதை நடத்தினால் நமக்கு என்ன கிடைக்கும்?

கொஞ்சம் கிடைக்கும். வைத்தியசாலைகளில் நோயாளருக்கு நேரும் தீங்குகளில் விழுதலே மிக அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்: 1,000 படுக்கை நாட்களுக்கு 3 முதல் 5 வரை. அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காயத்தில் முடிகின்றன. தூக்க மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் எழுந்து நிற்கும்போது தலைசுற்ற வைக்கும் என்று புதிதாக வந்த தாதிக்குத் தெரியாவிட்டால், வினாத்தாள் அதைக் காட்டிக்கொடுக்கும். செலவும் குறைவு.

சிக்கல், எதைச் 'சரியான விடை' என்கிறோம் என்பதில்தான். நோயாளர் விழும் அபாயத்தைக் கணிக்க, தாதியியல் ஆய்வாளர் ஜேனிஸ் மோர்ஸ் 1980களில் வகுத்த அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். சேலைன் ஏறினால் 20 புள்ளி, இரண்டாவது நோய் இருந்தால் 15, தளர்ந்த நடைக்கு 10. மொத்தம் 45. பல வைத்தியசாலைகளில் இதுவே அதிக அபாயத்தின் எல்லை. காய்ச்சலோடு வந்து, நீரிழிவும் தளர்ந்த நடையும் இருந்து, சேலைன் ஏற்றப்பட்ட, கொழுந்தெடுத்து ஓய்ந்த எந்தப் பாட்டியும் இந்த எல்லையைத் தொட்டுவிடுவார். வாட்டில் பெரும்பாலோர் அபாயக்காரர் என்றால் தாதி யார் பக்கத்தில் நிற்பது? பிரித்தானியாவில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு, உள்நோயாளரிடம் இத்தகைய கணிப்புக் கருவிகளைப் பயன்படுத்த வேண்டாம், 65 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லாரையும் அபாயத்தில் இருப்பவராகவே கொள்ளுங்கள் என்று 2013இலேயே சொல்லிவிட்டது. ஆக, மோர்ஸை ஒப்பித்த தாதிக்கு முழு மதிப்பெண் தருவது, கேள்விக்குள்ளான ஒன்றுக்குப் பரிசளிப்பது.

அறிவு செயலாக மாறினாலும் போதுமா என்பது அடுத்த சந்தேகம். ஆஸ்திரேலியாவில் 24 வாட்டுகளில் நடந்த 'சிக்ஸ்-பேக்' என்ற விழுதல் தடுப்புத் திட்டப் பரிசோதனையின் முடிவு 2016இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வந்தது. தடுப்பு நடைமுறைகள் கூடின, விழுதல் குறையவில்லை.

மலையகத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு. தாளில் எழுதுவது தாதி. ஈரத் துணியால் தரையைத் துடைப்பவர், நோயாளியைக் கழிவறைக்குக் கூட்டிப்போகும் சிற்றூழியர் ஆகியோரை யாரும் கேட்பதில்லை. மூடுபனிக் காலத்தில் நுவரெலியாவில் தரை எளிதில் காய்வதில்லை என்பது துடைப்பவருக்குத்தான் நன்றாகத் தெரியும். தாதி சிங்களம் மட்டும் பேசுபவராக இருந்தால், "தனியே எழும்பாதீங்க, கூப்பிடுங்க" என்ற ஒரு வரி தமிழ் நோயாளியைச் சேராது. சேர்ந்தாலும், மிஸ்ஸியைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று எண்ணி இருட்டில் தானே எழுகிற தோட்டத்துப் பெண் இருக்கிறார். இரத்தச்சோகையும் அவரைத் தள்ளாட வைக்கும். இவை எதற்கும் அந்தத் தாளில் கட்டமில்லை.

வினாத்தாளைக் கைவிடச் சொல்லவில்லை. சிங்களத்திலும் தமிழிலும் தயாரித்து, சிற்றூழியருக்கும் கொடுக்கட்டும். மதிப்பெண்ணோடு, விழுந்தவர் எண்ணிக்கையையும் மாதாமாதம் பதியட்டும். பதிந்தவரைத் தண்டிக்காமல் இருக்கட்டும். விடைத்தாள் திருத்துபவர்களே, ஒரு தரம் இரவு இரண்டு மணிக்கு வாட்டிலிருந்து கழிவறை வரை நடந்து பாருங்கள்.