நகல் எழுதும் கை

திண்டிவனத்தில் நண்பர் ஒருவர் இல்லத்தில் அண்மையில் எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்றைக் கண்டோம். லியனார்டோ டாவின்சியின் ‘மோனா லிசா’வை அச்சுப் படத்தில் பார்த்து, அவர்தம் மகனார் பல மாதங்கள் உழைத்து எழுதியது. “பார்த்து எழுதுவதில் என்ன பெருமை?” என்றார் தந்தை. மகனார் தலைகுனிந்து நின்றார். உருவம் எழுதுதல் பற்றி ஆலிம்களிடையே நிலவும் கருத்து வேறுபாட்டுள் நாம் புகவில்லை. தந்தையின் வினாவுக்கு மட்டும் விடை காண்போம்.

அரபு எழுத்தணிக் கலை பயிலும் மாணவர், உஸ்தாதின் எழுத்தையே ஆண்டுக்கணக்கில் பார்த்தெழுதுவர். கை தேறிய பின்னரே இஜாஸா கிட்டும். முகலாய ஓவியர் அபுல் ஹஸன், ஜெர்மானியக் கலைஞர் டியூரரின் 1511-ஆம் ஆண்டுச் செப்புத்தகட்டுச் சித்திரத்திலிருந்து ஓர் உருவத்தை 1600-இல் பார்த்து வரைந்தார். அப்போது அவருக்கு வயது 13. அந்த நகல் இன்றும் ஆக்ஸ்ஃபோர்டில் உள்ளது. அதே கைதான் பின்னர் ஜஹாங்கீர் அரியணை ஏறிய காட்சியை எழுதி, 1618-இல் ‘நாதிருஸ் ஸமான்’ என்னும் பட்டத்தைப் பெற்றது. நகல் அவரைச் சிறைப்படுத்தவில்லை, வளர்த்தது.

எனினும் நம் இளைஞரின் ஓவியத்தில் குறைகள் உள. கைவிரல்கள் செம்மையாக அமைந்துள்ளன. முகமோ மஞ்சள் பூத்துக் கிடக்கிறது. அது டாவின்சி தீட்டிய நிறமன்று. மூல ஓவியத்தின்மீது பூசிய வார்னிஷ் முதுமையால் பழுத்த நிறம். மாட்ரிட் நகரத்துப் பிராடோ அருங்காட்சியகத்தில் இதே ஓவியத்தின் பழைய நகல் ஒன்று உண்டு. 2012-இல் அதனைத் தூய்மை செய்து வெளியிட்டபோது வெளிறிய மேனியும் சிவந்த கைச்சட்டையும் துலங்கின. அடிக்கோடுகளை ஆராய்ந்தோர், ஆசான் செய்த திருத்தங்கள் அந்நகலிலும் இருக்கக் கண்டு, அது அவர் பட்டறையிலேயே உடனிருந்து எழுதப்பட்டது எனத் துணிந்தனர். அம்மாணவர் ஆசானின் கையைப் பின்பற்றினார். நம் இளைஞரோ மேற்பரப்பை மட்டுமே பின்பற்றினார்.

நிழலுக்குக் கருமையைக் குழைத்து ஒரே பூச்சாக அப்பியதும் பிழையே. டாவின்சி மிக மெல்லிய பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இட்டார். அடிப்பூச்சில் எண்ணெய் குறைந்தும் மேற்பூச்சில் மிகுந்தும் இருத்தல் வேண்டும், மாறினால் வெடிக்கும். கன்னத்தில் இப்போதே கீறல் தெரிகிறது.

விழுப்புரத்தை அடுத்த பனைமலையில், பல்லவன் இராஜசிம்மன் எடுப்பித்த கோயிலில், குடைக்கீழ் நிற்கும் தேவியின் ஓவியம் ஒன்று எஞ்சியுள்ளது. வண்ணம் உதிர்ந்தும் கோடு குன்றவில்லை. கோடு பயில விழைவோர் அதன்முன் அமர்ந்து வரைந்து பார்க்கலாம். அங்கே வார்னிஷ் கண்ணை ஏமாற்றாது.

நண்பருக்கு நாம் கூறுவது இதுவே: மகனாரின் படத்தைச் சுவரினின்று அகற்ற வேண்டா. அடுத்த படம் அதனருகில் வரும் நாளில், இதிலிருந்து அவர் கற்றது எவ்வளவு என்பது தங்களுக்கே விளங்கும், இன்ஷா அல்லாஹ்.