பெடரலிஸ்ட் கட்டுரைகள்: ஒரு மதிப்பீடு

அமைதியாக ஆராய்ந்து எழுதப்பட்ட அரசியல் நூல்கள் பல. தேர்தற் களத்தின் அவசரத்திற் பிறந்தும் நிலைபெற்றவை மிகச் சில. ‘பெடரலிஸ்ட்’ இவற்றுட் பின்னைய வகையினது. 1787இல் பிலடெல்பியா மாநாடு வகுத்த ஐக்கிய அமெரிக்க அரசியற்றிட்டத்தை நியூயோர்க் மக்கள் ஏற்றல் வேண்டுமென வாதித்து, அலெக்சாந்தர் ஹமில்டன், ஜேம்ஸ் மடிசன், ஜோன் ஜே என்னும் மூவர் ‘பப்ளியஸ்’ என்ற ஒரே புனைபெயரில் எழுதிய 85 கட்டுரைகளின் தொகுதி இது.

இந்நூலின் வேகத்தை உணர்தற்கு அன்றைய நிலையை அறிதல் வேண்டும். முன்னைய கூட்டிணைப்பு உடன்படிக்கையைத் திருத்துதற்குப் பதின்மூன்று மாநிலங்களும் ஒருங்கே இசைதல் வேண்டியிருந்தது. புதிய திட்டத்தின் ஏழாம் உறுப்புரையோ, இசையும் மாநிலங்களிடையே அதனை நிலைநாட்ட ஒன்பது மாநிலங்களின் இசைவே போதும் என்றது. அவ்விசைவை வழங்கும் உரிமையும் மாநிலச் சட்டசபைகளுக்கன்றித் தனி மாநாடுகளுக்கே அளிக்கப்பட்டது. 1788 ஜூன் 21இல் நியூ ஹாம்ஷயர் ஒன்பதாவதாக இசைந்தது. அதன் பின்னரும் வேர்ஜீனியா 89க்கு 79 வாக்குகளாலும், நியூயோர்க் 30க்கு 27 வாக்குகளாலுமே இசைந்தன. திட்டத்தை எதிர்த்தோர் சிறு கூட்டத்தினர் அல்லர் என்பதை இவ்வெண்களே காட்டும்.

மத்திய அரசாங்கம் நாளடைவில் மாநிலங்களை விழுங்கிவிடும் என்பதே அவர்தம் அச்சம். இதற்கு மடிசன் 45ஆம் கட்டுரையில் விடையிறுக்கின்றார்: மத்திக்கு வழங்கப்பட்ட அதிகாரங்கள் சிலவே, அவை வரையறுக்கப்பட்டவை; மாநிலங்களிடம் எஞ்சியவை பலவாம், வரையறையற்றவை. தெளிவான விடைதான். ஆயின், வரையறை எதுவென ஐயம் எழுமிடத்து அதனைத் தீர்ப்பவர் யாவர்? 39ஆம் கட்டுரை இவ்வினாவைத் தொடுகின்றது. எல்லை வழக்குகளை இறுதியாகத் தீர்க்கும் மன்றம் மத்திய அரசாங்கத்தின் கீழேயே அமையும் என ஒப்புக்கொள்ளும் மடிசன், தீர்ப்பு நடுநிலையாக இருக்கும் என்று கூறி விரைந்து அப்பாற் செல்கின்றார். வேலி வழக்கில் அயலவன் ஒருவன் வீட்டு முற்றத்திலேயே மன்று கூடுமாயின் மற்றவன் ஐயுறுதல் இயல்பன்றோ? ‘புரூட்டஸ்’ என்னும் புனைபெயரில் நியூயோர்க்கில் எழுதிய எதிர்ப்பாளர் இவ்விடத்தையே பற்றிக்கொண்டார். மத்திய நீதிமன்றங்களின் விளக்கங்களாலேயே மத்தியின் அதிகாரம் பெருகும் என்றார்.

பப்ளியசின் விடை போதாதென்பதை விரைவிற் காட்டியவர்கள் பப்ளியசாக எழுதியவர்களே. 1791இல் தேசிய வங்கி நிறுவும் யோசனை எழுந்தபோது, காங்கிரசுக்கு அவ்வதிகாரம் இல்லை என்றார் மடிசன். ‘அவசியமும் உகந்ததும்’ என்னும் வாசகத்தால் அது உண்டு என்றார் ஹமில்டன். மூன்றாண்டுகளுக்கு முன் ஒரே பெயரில் எழுதிய இருவர் ஒரே வாசகத்திற்கு இருவேறு பொருள் கொண்டனர். மடிசனே சனாதிபதியாக இருந்து 1816இல் இரண்டாம் வங்கிச் சட்டத்திற் கையொப்பமிட்டார். 1819இல் மக்கலக் எதிர் மேரிலண்ட் வழக்கில், பிரதம நீதியரசர் மார்ஷல் அவ்வங்கி செல்லும் என்றும், மாநிலம் அதன்மீது வரி விதித்தல் ஆகாது என்றும் தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பில் அவர் பெடரலிஸ்டைப் போற்றியும், அதன் கருத்துச் சரியோவென ஆராயும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். எல்லையை வரைந்தோர் சொல்லினும் தீர்ப்போர் சொல்லே வலிதாயிற்று.

உரிமைப் பட்டியல் தேவையில்லை என்ற 84ஆம் கட்டுரையின் வாதமும் நிலைக்கவில்லை. மாசசூசெற்ஸ் முதலிய மாநாடுகள் திருத்தங்களை வேண்டியே இசைந்தன. 1791இல் பத்துத் திருத்தங்கள் நிறைவேறின. மத்திக்கு ஒப்படைக்காத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியன என்பது அவற்றுட் பத்தாவது. வாக்கிற் தோற்றோரும் திட்டத்திற்கு உரம் சேர்த்தனர் என்க.

ஒரே அரசாங்கத்தினுள் அதிகாரத்தை அதிகாரத்தால் தடுக்கும் முறையை விளக்குவதில், சிறப்பாக 51ஆம் கட்டுரையில், இந்நூலுக்கு இணை காண்டல் அரிது. இரு அரசாங்கங்களுக்கிடையே நடுவர் யாவர் என்ற வினாவிலோ அது தளர்கின்றது. ஆதலின், சமஷ்டி முறையைக் கற்கும் மாணவர் பப்ளியசையும் புரூட்டசையும் அருகருகே வைத்துப் படித்தல் வேண்டும். அதிகாரப் பட்டியலை நோக்குமுன், அப்பட்டியலுக்குப் பொருள் கூறுவோரை நியமிப்பவர் யாவர் என நோக்குதலே முறையாகும் என்பது எமது துணிபு.