கூட்டு வாசிப்பிலிருந்து தனிக்குரல்

ராக் குழுவிலிருந்து விலகிய பாடகர் தனி ஆல்பம் வெளியிட்டால், இத்தனை நாள் அடக்கி வைத்ததைச் சொல்லப் போகிறார் என்று ரசிகர்கள் காத்திருப்பார்கள். புளூஸ், ஃபிடில் நடனமெட்டு, மலைநாட்டுப் பாடல், காஸ்பல் எல்லாம் சேர்ந்த அமெரிக்க வேரிசையில் இது அவ்வளவு எளிதல்ல. அங்கே பாடகர் கைக்கு வரும் பாட்டுகளில் பலவற்றுக்கு ஆக்கியவர் பெயரே கிடையாது. பிறர் பாட்டிலேயே வளர்ந்த குரல், தன் பெயரில் ஒரு பாட்டு எழுத உட்காரும்போது ‘நான்’ என்பதை எங்கிருந்து எடுக்கும்? இதற்கு நம் காலத்தின் செறிவான விடைகள் கரோலினா சாக்லேட் டிராப்ஸ் என்ற குழுவிலிருந்தும் அதன் நட்பு வட்டத்திலிருந்தும் வந்தன என்பது என் துணிபு.

2005 ஏப்ரலில் வட கரோலினாவின் பூன் நகரில் கறுப்பினப் பான்ஜோ கலைஞர்களின் கூடுகை ஒன்று நடந்தது. குழுவைத் தொடங்கிய ரியானன் கிடன்ஸ், டோம் ஃபிளெமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன் மூவரையும் சேர்த்து வைத்தது அதுதான். அதன்பின் மெபேன் என்ற சிற்றூரில் இருந்த ஜோ தாம்ப்சன் என்ற ஃபிடில் கலைஞரின் வீட்டுக்கு வாராவாரம் போய் வாசித்தார்கள். எண்பதைக் கடந்திருந்த அவர், குடும்பத்தில் வழிவழியாக வந்த மெட்டுகளை விடாமல் வைத்திருந்தவர். அங்கே பாடக்குறிப்பு ஏதும் இல்லை; கேட்டு, கூட வாசித்து, தவறி, மறுபடி வாசிப்பதே பாடம்.

பான்ஜோவின் மூலம் ஆப்பிரிக்கா. கரீபியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும் அடிமைப்படுத்தப்பட்டவர்கள் சுரைக்குடுக்கையில் செய்து மீட்டிய வாத்தியம் அது. 19ஆம் நூற்றாண்டில் முகத்தில் கரிபூசிய வெள்ளையர்கள் அதைக் கேலிக்கூத்துக்கு மேடையேற்றினார்கள். 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் ஒரே வட்டாரத்தின் இசையைக் கறுப்பர் தட்டு, மலைநாட்டார் தட்டு என்று இரண்டாகப் பிரித்து விற்றன. பான்ஜோவும் ஃபிடிலும் வெள்ளையர் பக்கம் போய்விட்டன. விளைவு, 2005இல் ஒரு கறுப்பின இளைஞர் பான்ஜோவோடு மேடையேறினாலே பலருக்கு வியப்பு. குழுவின் ‘ஜெனுயின் நீக்ரோ ஜிக்’ (2010) மரபு நாட்டாரிசைக்கான கிராமி விருதைப் பெற்றது. அந்த ஆல்பத்துக்குப் பிறகுதான் உறுப்பினர்கள் ஒவ்வொருவராகத் தனியே நடக்கத் தொடங்கினார்கள்.

இதில் பொருளாதாரமும் உண்டு. பழம்பாட்டைப் பாடுபவர் அந்தப் பாட்டில் தான் செய்த புது இசைக்கோப்புக்குத்தான் உரிமை கோர முடியும். பாடலாசிரியருக்குரிய ராயல்டி சொந்தமாக எழுதுபவருக்கே. கிராமியில் வேரிசைப் பாடலாக்கத்துக்கென்று தனி விருதும் 2014இல் வந்துவிட்டது. ஆக, மரபைக் காத்தவர் பாட்டும் எழுதியாக வேண்டும் என்ற நெருக்கடி இத்துறையில் எப்போதும் இருக்கிறது.

ஓபரா பயின்றவரான கிடன்ஸின் முதல் தனி ஆல்பம் ‘டுமாரோ இஸ் மை டர்ன்’ (2015). டி போன் பர்னெட் தயாரித்தது. டாலி பார்ட்டன், சிஸ்டர் ரோசெட்டா தார்ப், எலிசபெத் காட்டன் என்று முன்னோடிப் பெண்களின் வழியில் வந்த பாட்டுகளே அதில் மிகுதி. அவர் எழுதியது கடைசிப் பாட்டு ஒன்றுதான். குரல் அபாரம். ஆனாலும் அதில் தயாரிப்பாளரின் மெருகு கூடுதலாகத் தெரிகிறது. என் கணக்கில் அவருடைய உண்மையான தொடக்கம் ‘ஃப்ரீடம் ஹைவே’ (2017).

அதன் முதல் பாட்டுக்கு விதை ஒரு பழைய விற்பனை விளம்பரம். இருபத்திரண்டு வயது அடிமைப் பெண் விற்பனைக்கு. அவளிடம் ஒன்பது மாதக் குழந்தை உண்டு, அதையும் சேர்த்து வாங்குவது வாங்குபவர் விருப்பம் என்கிறது அந்த விளம்பரம். கிடன்ஸ் அந்தப் பெண்ணைப் பற்றி எழுதவில்லை. அவளாக நின்று பாடுகிறார். ஆவணத்தில் பெயர்கூட இல்லாத ஒருத்திக்குத் தன் வாயைக் கொடுக்கும்போதுதான் அவரது பாட்டில் ‘நான்’ பிறக்கிறது. சொந்தப் பாடல்கள் மட்டுமே கொண்ட ஆல்பத்துக்கு 2023 வரை, ‘யூ ஆர் தி ஒன்’ வரை, அவர் பொறுத்திருந்தார். காதலும் பிணக்கும் பேசும் அந்த ஆல்பம் இனிமையானது. விளம்பரத்துப் பெண் தரும் அதிர்ச்சி அதில் இல்லை.

குழுவில் பின்னர் சேர்ந்த லெய்லா மெக்கல்லா செல்லோ கலைஞர்; ஹெய்ட்டியிலிருந்து நியூயார்க் வந்தவர்களின் மகள். நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் பாஹ் வாசித்துப் பிழைத்தவர். அவரும் முதல் ஆல்பத்துக்குப் பிறர் சொல்லையே நாடினார்: லாங்ஸ்டன் ஹியூஸின் கவிதைகள். ‘பிரேக்கிங் தி தெர்மாமீட்டர்’ (2022) டியூக் பல்கலைக்கழகத்தில் காக்கப்படும் ரேடியோ ஹெய்ட்டி ஒலிப்பதிவுகளிலிருந்து எழுந்தது. அந்த வானொலியை நடத்திய ழான் டொமினிக் 2000இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆவணக் குரல்களுக்கு நடுவே, கிரெயோல் மொழியில் மெக்கல்லா பாடும்போது, தன் பெற்றோரின் நாட்டோடு தனக்கு என்ன உறவு என்று ஒரு மகள் தேடுவது கேட்கிறது. இந்த வரிசையில் பரவலாகப் பேசப்பட வேண்டியது இந்த ஆல்பம்தான்.

ஃபிளெமன்ஸின் ‘பிளாக் கவ்பாய்ஸ்’ (2018) மேற்கு அமெரிக்காவின் கறுப்பின மாட்டிடையர்களை மீட்டெடுத்த அரிய வேலை; சில இடங்களில் ஆய்வாளர் பாடகரை முந்திவிடுகிறார். ராபின்சனின் பாதை வேறு. 2011இல் விலகி, தன் பெயரில் ஒரு குழு அமைத்து ஓர் ஆல்பம் தந்தபின் வனவியல் படிக்கப் போனார். கிடன்ஸோடு சேர்ந்து பழைய ஃபிடில், பான்ஜோ மெட்டுகளைத் திறந்த வெளியில் பதிவு செய்த ஆல்பத்தை 2025இல் வெளியிட்டார். தனி வாழ்வு ஒன்றைத் தொடங்கி, அது வேண்டாம் என்று முடிவெடுப்பதும் இத்துறையில் மதிப்பான பாதையே.

கிடன்ஸ், மெக்கல்லா, நட்பு வட்டத்துப் பாடகர்களான ஏமதிஸ்ட் கையா, அலிசன் ரஸல் நால்வரும் ‘அவர் நேட்டிவ் டாட்டர்ஸ்’ என்று சேர்ந்து 2019இல் ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். இங்கேதான் ஆவணத்து ‘நான்’ சொந்த ‘நான்’ ஆவதைக் கேட்க முடிகிறது. கையா எழுதிய ‘பிளாக் மைசெல்ஃப்’ அந்த ஆல்பத்தில் பான்ஜோவோடும் தோழியரின் மறுகுரலோடும் ஒரு கூட்டத்தின் பாட்டாக ஒலிக்கிறது. தனது ‘வேரி பிளஸ் ஸ்ட்ரேஞ்ச்’ (2021) ஆல்பத்துக்காக அதையே மின்கிதாரின் உறுமலோடு மறுபடி பாடினார். சொற்கள் பெரிதும் அவையே. பேசுபவள் வேறு ஒருத்தி.

ரஸலின் ‘அவுட்சைட் சைல்ட்’ அதே 2021இல் வந்தது. மான்ட்ரியலில் வளர்ப்புத் தந்தையின் கொடுமைக்கு ஆளான சிறுமி, வீட்டை விட்டு ஓடிய பதின்பருவம், உயிர் தந்த நட்பு என்று எல்லாம் அவர் வாழ்ந்ததே. இதில் எந்த முகமூடியும் இல்லை. இதை ஒரு திடீர் வருகையாகக் கொண்டாடியவர்கள் முன்கதையைத் தவறவிடுகிறார்கள். போ கேர்ள், பேர்ட்ஸ் ஆஃப் சிகாகோ என்ற குழுக்களில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிறரோடு சேர்ந்தே பாடியவர் ரஸல். தன் கதையைத் தன் பெயரில் சொல்லும்போதும் பின்குரல்களை அவர் விடவில்லை. ஆல்பத்தின் மிக வலி நிறைந்த இடங்களில் அவர் தனியாகப் பாடுவதே அரிது.