சுனாமிப் படத்தில் ஒரு பிழை

2004 டிசம்பர் 26 சுனாமியை விளக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். சுமத்ரா அருகே ஒரு புள்ளி. குளத்தில் கல் விழுந்தாற்போல் சுற்றிலும் வட்டங்கள். அப்படியானால் ஒன்று கேட்கிறேன். அந்தப் புள்ளியிலிருந்து ஏறத்தாழ 2,000 கி.மீ. தொலைவிலுள்ள நாகப்பட்டினம் ஆயிரக்கணக்கானோரைப் பறிகொடுத்தது. கிட்டத்தட்ட அதே தொலைவிலுள்ள வங்கதேசம் தப்பியது எப்படி?

ஆம்பூரில் தோல் வேலை தெரிந்தவரைக் கேளுங்கள். கத்தி பட்ட இடத்தில் தொடங்கும் கிழிசல் அங்கேயே நிற்பதில்லை, ஓடும். கடலடிப் பிளவும் அவ்வாறே சுமத்ராவில் தொடங்கி, நொடிக்குச் சுமார் 2½ கி.மீ. வேகத்தில், அந்தமான் வரை 1,300 கி.மீ. ஓடியது. (தோல் இரண்டாகப் பிரியும், பாறைகளோ ஒன்றின்மேல் ஒன்று வழுக்கின. உவமை அதற்குமேல் உதவாது.) தெற்கு வடக்காக நீண்ட பிளவு எழுப்பும் அலையின் வலு பெரும்பாலும் கிழக்கிலும் மேற்கிலும் பாயும். மேற்கே இருந்தவர்கள் நாம். வங்கதேசமோ வடமுனைக்கு அப்பால்.

இது வெறும் படப் பிழையன்று. முதல் கால் மணி நேரத்தில் பசிபிக் எச்சரிக்கை மையம் கணித்த அளவு 8.0 தான். பிளவின் முழு நீளமும் கணக்கில் ஏறியபின் அது 9.1 ஆயிற்று. இன்றும் நில அதிர்வுப் பதிவுகளைக் கொண்டு அமைத்த கணித மாதிரிகளும், நிலம் நகர்ந்த அளவைக் கொண்டு அமைத்தவையும் அந்தமான் பகுதியில் முழுதும் ஒத்துப்போவதில்லை.

உங்கள் படத்தில் புள்ளியை அழித்துவிட்டு நீண்ட கோடு ஒன்று வரையுங்கள். தென்முனையில் காலை 6.29 என்றும், வடமுனையில் ஏறக்குறைய 6.38 என்றும் எழுதுங்கள்.